பாய்மரம் ஆடினால் உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள்

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். வீட்டுத் தண்ணீர்க் குடத்துக்கு அது சரி. சிங்கப்பூரின் சாங்கிக்கு எதிரே உப்புத் தண்ணீரில் பத்து வருடம் நின்ற படகின் கம்பிக்கு அது பொருந்தாது.

நான் வேலை செய்வது கப்பல் யார்டில். அங்கே ரிக்கிங் என்றால் கிரேனில் சிலிங் (சுமை தூக்கும் கயிறு) மாட்டும் வேலை. இங்கே நான் பேசப்போவது வேறு ரிக்கிங்: பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்தும் கம்பிகள், பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள், இவற்றை இணைக்கும் சின்னச் சின்னச் சாமான்கள். மூன்று பேர் பங்கு போட்டு வாங்கிய 24 அடிப் பழைய படகு எங்களுடையது. அதில் கற்றுக்கொண்டதைப் பக்கத்துப் படகுகளிலும் செய்துகொடுக்கப் போய், ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வருவது வழக்கமாகிவிட்டது.

“அண்ணே, மரம் ஆடுது. டைட் பண்ணிடவா?”

“பண்ணாத தம்பி. முதல்ல உள்ள இறங்கி, டாய்லெட் கதவு ஒழுங்கா சாத்துதான்னு பாரு.”

கதவுக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது கீழே வரும். கோளாறு தெரியும் இடம் ஒன்று, கோளாறு இருக்கும் இடம் இன்னொன்று. இதை மறந்துவிட்டு முறுக்கி முறுக்கியே பாதிப் படகுகளைக் கெடுத்திருக்கிறோம், என்னையும் சேர்த்து.

பெயர்களை ஒருமுறை பார்த்துவிடலாம். பக்கவாட்டுக் கம்பிகள் ஷ்ரவுட். முன்னால் இருப்பது ஃபோர்ஸ்டே, பின்னால் இருப்பது பேக்ஸ்டே. மரத்தின் நடுவில் கை நீட்டினாற்போல் இருப்பது ஸ்ப்ரெடர். கம்பியின் நுனியில் அழுத்திப் பொருத்திய குழாய் சுவேஜ், அதற்குக் கீழே முறுக்கும் உறுப்பு டர்ன்பக்கிள், அது மாட்டியிருக்கும் உலோகப் பட்டை செயின்பிளேட். பாயை ஏற்றும் கயிறு ஹால்யார்ட்.

வேலை தொடங்கும் முன் மேற்கு வானத்தைப் பாருங்கள். சுமத்ராக் காற்று, அதாவது சுமத்ராத் தீவுப் பக்கமிருந்து திடீரென்று வரும் இடிமழைக் காற்று, விடியற்காலையிலோ முற்பகலிலோதான் அதிகம் வரும். ஒரு கம்பியைக் கழற்றிய நிலையில் அதனிடம் மாட்டக்கூடாது. இடி கேட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிடுங்கள்.

## பக்கக் கம்பி தொளதொளவென்று இருக்கிறது

படகு சாய்ந்து ஓடும்போது மறுபக்கம் மட்டும் தளர்கிறது

காற்றடிக்கும் பக்கத்துக் கம்பி விறைத்து, மறுபக்கத்துக் கம்பி கொஞ்சம் இளகுவது இயல்பு. விரலால் தட்டினால் ஆடலாம், ஊஞ்சல் மாதிரித் தொங்கக்கூடாது. தொங்கினால் இழுவிசை போதவில்லை என்று அர்த்தம்.

அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம், 2 மீட்டர் மரஅளவுகோல் போதும். கம்பியைக் கையால் மட்டும் முறுக்கி, தொய்வு போன நிலையில் நிறுத்துங்கள். அளவுகோலின் மேல் நுனியைக் கம்பியோடு டேப் போட்டு ஒட்டுங்கள். கீழ் நுனி சுவேஜின் வாயைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறி, ஒரு நேரத்துக்கு ஒரு சுற்று முறுக்குங்கள். 1×19 எஸ்எஸ் கம்பியில், அதாவது பத்தொன்பது இழை முறுக்கிய எவர்சில்வர் கம்பியில், அந்த இடைவெளி 1 மி.மீ. கூடினால், கம்பி அறுந்துபோகும் எடையில் 5 சதவீதம் ஏறியிருக்கிறது. கம்பியின் தடிமன் எதுவானாலும் கணக்கு இதுதான். உயரமான பக்கக் கம்பிகளுக்கு 3 மி.மீ., அதாவது 15 சதவீதம், சிறிய படகுக்கு நல்ல தொடக்கம். 4 மி.மீ. கம்பி சுமார் 1,250 கிலோவில் அறும், எனவே உங்கள் கம்பியில் இப்போது கிட்டத்தட்ட 190 கிலோ இழுவை இருக்கிறது. 5 மி.மீ. இடைவெளியைத் தாண்டி முறுக்காதீர்கள்.

முறுக்கினேன், ஒரு வாரத்தில் மறுபடி தளர்ந்துவிட்டது

இங்கேதான் ஸ்பேனரைக் கீழே வைக்க வேண்டும். ஏதோ ஒன்று நகர்கிறது. மலிவானதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் டர்ன்பக்கிளின் கோட்டர் பின், மரை கழலாமல் பூட்டும் இரண்டு கால் ஊசி. பின் இல்லாத டர்ன்பக்கிள் தானாகவே கழன்று வரும். மரையின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள், அடுத்த வாரம் கோடு விலகியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. மாற்ற வேண்டியது சில்லறைக் காசு பின் மட்டும்.

அடுத்தது, கம்பி புதிதா? புதுக் கம்பி முதல் சில பயணங்களில் கொஞ்சம் இளகும். இரண்டு முறை சரிசெய்தபின் நின்றுவிட வேண்டும்.

இரண்டும் இல்லையென்றால், எது தளர்கிறது என்று பாருங்கள். *ஒரு பக்கம் மட்டும்* என்றால் அந்தப் பக்கத்துச் செயின்பிளேட் தூக்குகிறதா, ஸ்ப்ரெடர் வளைந்திருக்கிறதா, கம்பி சுவேஜிலிருந்து நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். நழுவினால் சுவேஜின் வாயில் பளபளப்பான புதுக் கம்பி ஒரு மில்லிமீட்டராவது தெரியும். அதைக் கண்டால் அன்றைக்குப் பாய் ஏற்றாதீர்கள்.

*எல்லாக் கம்பியும் சேர்ந்து* தளர்ந்தால் மரம் கீழே இறங்குகிறது. மேல்தளத்தில் நிற்கும் மரத்தின் எடையோடு எல்லாக் கம்பிகளின் இழுவையும் ஒரு சாண் அகலத்தில் இறங்குகிறது. தளத்தின் மேல் பரப்புக்கும் கீழ்ப் பரப்புக்கும் நடுவில் இருக்கும் மரப்பலகை மழைத்தண்ணீர் புகுந்து ஊறி மக்கினால், அந்த இடம் தட்டு மாதிரிக் குழியும். கீழே இருக்கும் தடுப்புப் பலகை அழுந்தும், அதிலுள்ள கதவு சாத்த மறுக்கும். போனில் கேட்ட கதவு இதுதான். ஓர் ஆண்டு முழுக்க எங்கள் கதவை நாங்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்துகொண்டே இருந்தோம். கதவு மேல் ஒரு குறையும் இல்லை.

மரத்தின் அடியில் குறுக்காக அளவுகோல் வைத்துப் பாருங்கள், குழிவு தெரிகிறதா? ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று சொல்லும், மக்கின இடம் ‘தொப்’ என்று சொல்லும். தொப் என்றால் கம்பிகளைத் தளர்த்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மரத்தை இறக்கி, தளத்தை வெட்டித் திறந்து, கெட்ட பலகையை எடுத்துவிட்டு எபாக்ஸிப் பசை போடும் வேலை அது. இந்தப் பட்டியலில் செலவு அதிகம் இதற்குத்தான். முறுக்கிக்கொண்டே போனால் இன்னும் கூடும்.

## காற்றில் மரம் கோணுகிறது

மரத்தின் அடியில் தலையை வைத்து, பாய் ஓடும் பள்ளத்தின் வழியாக ஒரு கண்ணை மூடி மேலே பாருங்கள். இதைக் காற்றில் ஓடும்போது, இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும்.

உச்சி மட்டும் காற்று போகும் பக்கம் சாய்ந்தால் உயரக் கம்பி தளர்வு. நடு வயிறு அந்தப் பக்கம் தள்ளினால் கீழ்க் கம்பிகள் தளர்வு. துறைமுகத்தில் நேராக நின்று, ஓடும்போது மட்டும் கோணினால் ஒரு சுற்று, அரைச் சுற்று விஷயம். ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் கோணினால் இரண்டு பக்கக் கம்பியும் சமமாக இல்லை. பெரிய பாயின் ஹால்யார்டை இழுத்து வலது செயின்பிளேட்டைத் தொடவைத்துக் குறி போட்டு, அதையே இடது பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஸ்ப்ரெடரையும் கவனியுங்கள். அதன் நுனியில் கம்பி மேலும் கீழும் ஒரே கோணத்தில் பிரிய வேண்டும். நுனி தொங்கிப்போயிருந்தால் என்றைக்காவது ஒருநாள் நழுவும், நழுவினால் மரம் முறியும். வலது இடது இரண்டும் ஒரே மாதிரி நிற்கின்றனவா என்று தூரத்தில் இன்னொரு படகில் இருந்து பார்ப்பது நல்லது. கிட்டே நின்றால் தெரியாது.

## கம்பியில் பழுப்புக் கறை, அல்லது விரலில் ஏதோ குத்தியது

இதைத்தான் நான் நின்று பார்ப்பேன்.

எஸ்எஸ் துருப்பிடிக்காமல் இருக்கக் காற்று வேண்டும். உப்புத் தண்ணீர் தேங்கி, காற்றுப் புகாத இடுக்கில் அது உள்ளுக்குள்ளேயே அரிக்கும். மழை, உப்பு எல்லாம் கம்பி வழியாகக் கீழே ஓடி, அடிச் சுவேஜின் வாயில் தேங்குகிறது. அதனால் மேல் நுனியை விடக் கீழ் நுனிதான் முதலில் போகும். நமக்கு இது வசதி, ஏணி வேண்டாம்.

இதைக் கெடுப்பதற்கென்றே நாம் செய்யும் ஒரு காரியம், டர்ன்பக்கிள் முழுக்க வெள்ளை டேப் சுற்றுவது. பாய் கிழியாமல் இருக்கத்தான் சுற்றுகிறோம். எங்கள் படகை வாங்கியபோது நான்கு அடுக்கு டேப் இருந்தது. பிரித்தபோது உள்ளே ஈரமாக, பழைய புளி நிறத்தில் தண்ணீர் சொட்டியது. துணியால் துடைத்ததும் சுவேஜ் மறுபடி பளபளவென்று ஆகிவிட்டது, ‘ஒண்ணுமில்லப்பா’ என்று நண்பர் சொல்லிவிட்டார். யார்டில் வெல்டிங்கில் விரிசல் பார்க்கும் டை டெஸ்ட் எனக்குப் பழக்கம் என்பதால், மூன்று டப்பா ஸ்பிரே கொண்டுவந்து பார்த்தேன்.

செய்முறை எளிது. முதலில் கிளீனரால் எண்ணெய் போகத் துடைக்க வேண்டும். சிவப்புச் சாயத்தை அடித்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காபி குடிக்கலாம். பிறகு கிளீனர் தோய்த்த துணியால் சாயத்தைத் துடைத்தெடுங்கள். கிளீனரை நேராக அடித்தால் விரிசலுக்குள் இருக்கும் சாயமும் போய்விடும், துணியில்தான் அடிக்க வேண்டும். கடைசியாக வெள்ளை டெவலப்பர். சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்து நிற்கும் சுவேஜில், ஓரிரு நிமிடத்தில் தலைமயிர் மாதிரி ஒரு சிவப்புக் கோடு நீளவாக்கில் எழுந்து வந்தது. ஆறு சுவேஜில் இரண்டில் கோடு. நண்பர் பேசவில்லை.

இதே வரிசையில் பாருங்கள்:

1. டேப்பை எல்லாம் பிரியுங்கள். நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.
2. கறை லேசாக, கம்பியின் மேற்பரப்பில் பரவலாக இருந்தால் பெரும்பாலும் வெறும் அழுக்குத்தான். தேய்த்தால் போகும், உடனே திரும்பி வராது.
3. கறை சுவேஜின் வாயிலிருந்து மட்டும் ஒழுகி, துடைத்த சில வாரத்தில் திரும்பி வந்தால் பூதக்கண்ணாடியும் டை டெஸ்டும் தேவை.
4. டிஷ்யூ பேப்பரைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து மெல்ல ஓட்டுங்கள். எங்கே கிழிந்து மாட்டுகிறதோ அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது. வெறுங்கையால் ஓட்டாதீர்கள், தழும்பு என் உள்ளங்கையில் இருக்கிறது.
5. சுவேஜ் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தால் டெஸ்ட் வேண்டாம். அது போயிற்று.

பத்தொன்பது இழையில் ஓர் இழை அறுந்தாலும் அந்தக் கம்பி முடிந்தது. ‘மிச்சம் பதினெட்டு இருக்கே’ என்று கேட்பார்கள். அந்தப் பதினெட்டும் ஒரே வயது, ஒரே உப்பில் நின்றவை. கம்பிகள் பத்து வயதைத் தாண்டியிருந்தால் ஒன்றை மட்டும் மாற்றாமல் முழு செட்டையும் மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது

பழைய கம்பியைச் சுருட்டி எடுத்து வந்து, ஒரு நுனியில் பின் (ஊசி) செருகும் ஓட்டையின் நடுவிலிருந்து மறு நுனியில் பின் செருகும் ஓட்டையின் நடுவரை அளக்க வேண்டும். டர்ன்பக்கிள் பாதி திறந்த நிலையில் அளவு எடுங்கள், அப்போதுதான் இரண்டு பக்கமும் இடம் இருக்கும். எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் கீழ்த்தளத்தில் இரண்டு தூணுக்கு நடுவே எட்டு மீட்டர் கம்பியை இழுத்துக் கட்டி அளந்துகொண்டிருந்தேன். மார்க்கெட்டிலிருந்து வந்த ஓர் அம்மா நின்று, “துணி காயப்போட மூங்கில் போதாதா தம்பி?” என்று கேட்டுவிட்டுப் போனார். தரையில் போட்டு அளந்தால் கம்பி நெளிந்து அளவு பொய் சொல்லும், இழுத்துக் கட்டித்தான் அளக்க வேண்டும்.

மரத்தை இறக்காமல் மாற்றுவதென்றால் ஒரு நேரத்துக்கு ஒரு கம்பிதான். அந்தப் பக்கம் ஹால்யார்டை இறக்கி இழுத்துக் கட்டிவிட்டுத்தான் பின்னைத் தொட வேண்டும்.

தரம் உயர்த்துவதா?

‘எதற்கும் ஒரு சைஸ் பெரிய கம்பி போடுவோம்’ என்பது நம் ஆட்களின் முதல் ஆசை. 4 மி.மீ. இருந்த இடத்தில் 5 போட்டால் பின், டர்ன்பக்கிள், செயின்பிளேட் ஓட்டை எல்லாம் மாறும், உச்சியில் எடையும் கூடும். அசல் வடிவமைப்பாளர் கணக்குப் போட்ட சைஸே போதும்.

செலவழிக்க வேண்டிய இடம் அடி நுனி. அங்கே சுவேஜுக்குப் பதில் கையால் பொருத்தும் கூம்பு வகை டெர்மினல் போடுங்கள். வெளி இழை 12-ஐப் பிரித்து, உள்ளே இருக்கும் 7-இன் மேல் கூம்பைச் செருகி, வெளி இழைகளைப் பழையபடி சுற்றிவிட்டு மூடியைத் திருக வேண்டும். ஓர் இழைகூடக் கூம்பின் பிளவுக்குள் விழக்கூடாது. ஒருமுறை திருகி, கழற்றி, இழைகள் சீராக மடங்கியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, உள்ளே சீலன்ட் நிரப்பித் திரும்பத் திருகுங்கள். பிற்காலத்தில் கழற்றி உள்ளே பார்க்கலாம் என்பதுதான் இதன் பெரிய லாபம். சுவேஜை அப்படித் திறக்க முடியாது.

டைனீமா என்ற பலமான செயற்கை இழைக் கயிற்றுக்கு மாறலாமா என்று கேட்கிறார்கள். எடை மிகக் குறைவு, துருப் பேச்சே இல்லை. ஆனால் தொடர்ந்து இழுவையில் நின்றால் மெல்ல நீளும், சூட்டில் அது கூடும், நம் வெயிலும் அதைத் தின்னும். தட்டுப்படும் முனை எல்லாவற்றையும் வழவழப்பாக்க வேண்டும். வாரா வாரம் படகைத் தொடுகிற ஆளுக்குச் சரி. மாதத்துக்கு ஒருமுறை வருகிற ஆள் எஸ்எஸ்ஸிலேயே இருக்கலாம்.

## டர்ன்பக்கிள் அசைய மறுக்கிறது

எஸ்எஸ் மேல் எஸ்எஸ் மரை வறண்டு ஓடினால் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். யார்டில் போல்ட் நட்டில் தினமும் பார்க்கிற கதை. பலத்தைக் கூட்டினால் கவ்வலும் கூடும்.

நல்ல தண்ணீரில் கழுவி உப்பைக் கரையுங்கள், துருவை இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு இரவு விடுங்கள். மறுநாள் முன்னும் பின்னும் கால் சுற்று, கால் சுற்றாக. அசைந்தால் மரையைத் துடைத்து லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) பூசுங்கள். அசையாவிட்டால் கழற்றி எறியுங்கள். அடுத்தது வாங்கும்போது உடல் வெண்கலத்தில் இருப்பதாக, உள்ளே மரை கண்ணுக்குத் தெரிகிற திறந்த வகையாகப் பாருங்கள். கோட்டர் பின்னின் கால்களை இருபது டிகிரி விரித்தால் போதும். மீசை மாதிரிச் சுருட்டிவிட்டால் அவசரத்தில் கழற்ற வராது.

## முன்பாய் சுருளவில்லை

முன்பாயை ஃபோர்ஸ்டேயின் மேல் சுருட்டும் கயிற்றை வின்ச் (கயிறு இழுக்கும் கைச் சுழற்றி) போட்டு இழுக்காதீர்கள். ஃபோர்ஸ்டே உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டு மேல் நுனியில் இழை இழையாக அறும், அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

முதலில் டிரம்மில் கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான். அப்புறம் பேரிங்கில் உப்பு. ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பைனாகுலரில் உச்சியைப் பாருங்கள், ஹால்யார்ட் ஃபோர்ஸ்டேயைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஹால்யார்ட் சுமார் பத்து டிகிரியாவது பின்னால் விலகி வர வேண்டும். உரசியபடி வந்தால் சுற்றத்தான் செய்யும். அதை விலக்கிப் பிடிக்கும் வழிகாட்டி ஒன்று பொருத்தினால் தீரும். சுருளின் அலுமினியக் குழாயே வளைந்திருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள்.

## ஹால்யார்ட் ஓடவில்லை

கயிற்றை மாற்றும் முன் மேலே இருக்கும் கப்பியைச் சந்தேகப்படுங்கள். உப்பு கட்டிச் சுற்றாமல் நிற்கும், அல்லது கயிறு நழுவிக் கப்பிக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டியிருக்கும். இதற்கு மேலே ஏற வேண்டும்.

யார்டில் 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலை என்றால் பெர்மிட் இல்லாமல் ஏற விடமாட்டார்கள். படகில் நம்மைக் கேட்க ஆளில்லை, அதனால் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு ஹால்யார்ட் வேண்டும், ஒன்று தூக்க, ஒன்று காப்புக்கு. ஷேக்கிளை (கயிற்று நுனியில் இருக்கும் உலோக மாட்டியை) நம்பாமல், உட்கார்ந்து ஏறும் தொங்கு நாற்காலியில் நேராக முடிச்சுப் போடுங்கள். பம்போட் (ஆள் ஏற்றும் மோட்டார்ப் படகு) அலை வராத நேரமாகப் பாருங்கள். கம்பியில் விரிசல் சந்தேகம் இருக்கும் மரத்தில் ஏறவே ஏறாதீர்கள், கிளப்பின் கிரேனில் மரத்தை இறக்கி வைத்துப் பார்ப்பதுதான் வழி.

## மரத்தில் வெள்ளைப் பொடி

அலுமினிய மரத்தில் எஸ்எஸ் ஸ்க்ரூ இருக்கும் இடமெல்லாம் வரும். இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரில் தொட்டால் அலுமினியம்தான் கரையும். ஸ்க்ரூவைக் கழற்றி, சுரண்டி, துத்தநாகப் பசையோ அதற்கான வேறு தடுப்புப் பசையோ தடவி மறுபடி போடுங்கள். வராத ஸ்க்ரூவைச் சூடு காட்டி இம்பாக்ட் டிரைவரால் தட்டிப் பாருங்கள். பொடியைச் சுரண்டினால் குழி ஆழமாக இருக்கிறது, அல்லது ஸ்ப்ரெடர் முளைக்கும் இடத்தில் விரிசல் தெரிகிறது என்றால் படகு ரிக்கர் வந்து பார்க்கட்டும். வெல்டிங் தெரிந்த யார்டு நண்பரைக் கூப்பிடாதீர்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் மரம் பலமிழக்கும்.

## செயின்பிளேட் பக்கம் உள்ளே ஒழுகுகிறது

மேலே சீலன்ட் அப்பினால் நிற்காது. பட்டையின் மூடியைக் கழற்றி, பழையதைச் சுரண்டியெடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். போடும் முன் ஒரு வேலை: பட்டை தளத்துக்குள் மறைந்திருக்கும் அந்த இரண்டு அங்குலத்தை வெளியே எடுத்துப் பாருங்கள். அங்கேயும் காற்று கிடையாது, உப்பு உண்டு. பட்டை மாட்டியிருக்கும் பிளைவுட்டை ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். பிஸ்கட் மாதிரி உள்ளே போனால் உங்கள் கையில் தீராது.

## ராத்திரி முழுக்க டங் டங்

ஹால்யார்ட் மரத்தில் அடிக்கிறது. ரப்பர் கயிறு போட்டு ஷ்ரவுட் பக்கம் இழுத்துக் கட்டுங்கள், பக்கத்துப் படகுக்காரர் வாழ்த்துவார்.

கட்டிய பிறகும் சத்தம் வந்தால், அது தளர்ந்த கம்பி. மூரிங்கில் (கடலில் கட்டிப்போட்ட இடத்தில்) நிற்கும் படகை ஃபெர்ரியும் டக்போட்டும் நாள் முழுக்க ஆட்டுகின்றன. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தளர்ந்த கம்பி சுவேஜின் வாயில் ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. பாயே ஏற்றாத மாதங்களில்தான் எங்கள் கம்பிகளில் அந்தச் சிவப்புக் கோடு பிறந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அளவுகோலை எடுத்துக்கொண்டு முதல் தலைப்புக்குப் போங்கள்.